பிளாக் மேல் ஏறியதும் கால் நடுங்குதா? நீச்சல் போட்டிக்குப் பிள்ளைகள் தயாராவது எப்படி?

காலை 6 மணிக்கே நீச்சல் குளத்து கேலரி நிரம்பிவிடும். ஒரு கையில் ஃபிளாஸ்க், இன்னொரு கையில் டவல் பையோடு அம்மாக்கள். சுவரில் ஒட்டியிருக்கும் ஹீட் ஷீட்டில் விரலை ஓட்டிப் பிள்ளையின் பெயரைத் தேடும் அப்பாக்கள். சென்னை வேளச்சேரி வளாகமாக இருந்தாலும் சரி, பெங்களூரு பசவனகுடி குளமாக இருந்தாலும் சரி, சப்-ஜூனியர் போட்டி நடக்கும் காலையில் காட்சி ஒன்றுதான்.

இத்தனை பேரும் காத்திருப்பது எதற்காக? 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல் என்றால், ஒரு 12 வயதுப் பிள்ளைக்கு அரை நிமிடச் சொச்சத்தில் முடிந்துவிடும். அந்த அரை நிமிடத்துக்காகத்தான் தினமும் விடியற்காலை 4:30-க்கு அலாரம், ஸ்கூலுக்கு ஈரத் தலையோடு ஓட்டம், சனி ஞாயிறு கல்யாணம் காட்சி எதுவும் கிடையாது.

விசில் அடிக்கிறது. பிள்ளை பிளாக் மேல் ஏறுகிறது. வயிற்றில் ஏதோ புரள்கிறது, முழங்கால் நடுங்குகிறது. "பயப்படாதே" என்று கேலரியில் இருந்து ஒரு குரல். அந்த ஒரு வார்த்தை எந்தப் பிள்ளைக்கும் பயத்தைப் போக்கியதில்லை என்பதுதான் உண்மை. அப்படியென்றால் எதுதான் உதவும்?

உலக சாம்பியனும் தவறி விழுந்த நாள்

2004 மார்ச் மாதம். ஏதென்ஸ் ஒலிம்பிக்கிற்கான ஆஸ்திரேலிய அணித் தேர்வு சிட்னியில் நடந்தது. 400 மீட்டர் ஃப்ரீஸ்டைல் ஹீட்ஸில் பிளாக் மேல் நின்றவர் இயான் தோர்ப். அந்தப் பிரிவில் நடப்பு ஒலிம்பிக் சாம்பியன், உலக சாதனையாளர். ஹீட்ஸ் அவருக்கு வெறும் சம்பிரதாயம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ஸ்டார்ட் சிக்னலுக்கு முன்பே தோர்ப் சமநிலை இழந்து தண்ணீரில் விழுந்தார். நீச்சலில் முதல் தவறுக்கே தகுதி நீக்கம். உலக சாதனை வைத்திருப்பவர் என்பதற்காக விதி வளையவில்லை. பிறகு, அந்தப் பிரிவில் தகுதி பெற்றிருந்த சக வீரர் கிரெய்க் ஸ்டீவன்ஸ் தன் இடத்தை விட்டுக்கொடுத்தார். தோர்ப் ஏதென்ஸுக்குப் போய்த் தங்கமும் வென்றார்.

இந்தக் கதையை ஒவ்வொரு இளம் வீரரும் தெரிந்துவைத்துக்கொள்ளலாம். எத்தனை பெரிய ஆளாக இருந்தாலும் ரேஸ் அன்று ஏதாவது ஒன்று தப்பாகப் போகலாம். எதுவும் தப்பாகப் போகாது என்று நம்பிக்கொண்டு போவதைவிட, போனால் என்ன செய்வது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு போவதுதான் தயாரிப்பு.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

ரேஸுக்கு முன்னால் பதற்றம் வருவது கோளாறு இல்லை. முக்கியமான ஒன்று வரப்போகிறது என்று மூளை நினைத்ததும் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது. ரத்தம் செரிமானப் பாதையில் குறைந்து தசைகளுக்கு அதிகமாகப் பாய்கிறது. வயிற்றைப் புரட்டுவதற்கும், பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை பாத்ரூம் போகத் தோன்றுவதற்கும் இதில் பங்கு உண்டு.

அதாவது, வேகமாக நீந்துவதற்கு உடம்பு செய்யும் ஏற்பாடும் இதேதான். பயத்துக்கும் உற்சாகத்துக்கும் உடம்பு காட்டும் அறிகுறிகள் ஏறக்குறைய ஒன்று. அதற்கு மனசு என்ன பெயர் வைக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் ஆய்வாளர் அலிசன் வுட் புரூக்ஸ் 2014-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. பாட்டு, மேடைப் பேச்சு, கணக்குத் தேர்வு என்று பதற்றம் தரும் வேலைகளுக்கு முன்னால், அமைதியாக இருக்க முயன்றவர்களைவிட "நான் உற்சாகமாக இருக்கிறேன்" என்று தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். நீச்சல் அந்த ஆய்வில் இல்லை. ஆனால் குளக்கரையில் பிள்ளையிடம் என்ன சொல்லலாம் என்பதற்கு இதில் ஒரு குறிப்பு இருக்கிறது. "பயப்படாதே" என்பதற்குப் பதிலாக "நெஞ்சு படபடன்னு அடிக்குதா? நல்லது, உடம்பு ரெடியாகுது" என்று சொல்லிப் பார்க்கலாம்.

மூச்சு: எது சரி, எது ஆபத்து?

பதற்றத்தைக் குறைக்க மூச்சுப் பயிற்சி உதவும். எளிய வழி: மூக்கு வழியாக 4 எண்ணும் வரை இழுத்து, 6 எண்ணும் வரை மெதுவாக வெளியே விடுவது. வெளியே விடும் நேரம் நீளமாக இருந்தால் இதயத் துடிப்பு தணியும். ஐந்தாறு முறை செய்தால் போதும்.

ஆனால் சில பிள்ளைகள் வேறொன்று செய்வார்கள். தண்ணீருக்குள் குதிக்கும் முன் வேகவேகமாக, ஆழமாக மூச்சை இழுத்து இழுத்து விடுவார்கள். "ஆக்ஸிஜன் ஸ்டாக் பண்றேன்" என்பது அவர்கள் விளக்கம். இது உண்மையிலேயே ஆபத்தானது.

மூச்சு விட வேண்டும் என்ற தவிப்பு முக்கியமாக எழுவது ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு கூடும்போதுதான். வேகமாக மூச்சு விட்டால் கார்பன் டை ஆக்ஸைடு குறைந்துபோகும். ஆக்ஸிஜன் பெரிதாகக் கூடாது. பிறகு தண்ணீருக்குள் மூச்சை அடக்கும்போது ஆக்ஸிஜன் தீர்ந்துகொண்டே வந்தாலும் தவிப்பு வராது. எந்த எச்சரிக்கையும் இல்லாமல் நினைவு தப்பிவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இப்படி இறந்திருக்கிறார்கள்.

எனவே மூச்சடக்கும் பந்தயம் வேண்டாம். நீருக்கடியில் நீண்ட தூரம் போகும் பயிற்சியைத் தனியாகச் செய்யவே கூடாது. கோச் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும்தான்.

கண்ணாடிக்குள் தண்ணீர்: ஃபெல்ப்ஸ் என்ன செய்தார்?

2008 ஆகஸ்ட் 13, பெய்ஜிங் ஒலிம்பிக். 200 மீட்டர் பட்டர்ஃபிளை இறுதிப் போட்டி. மைக்கேல் ஃபெல்ப்ஸ் குதித்ததும் அவருடைய நீச்சல் கண்ணாடிக்குள் தண்ணீர் கசியத் தொடங்கியது. கடைசிச் சுற்றில் சுவரும் தெரியவில்லை, பக்கத்து லேனில் யார் வருகிறார் என்றும் தெரியவில்லை.

அவர் கைவீச்சுகளை எண்ணிக்கொண்டே நீந்தினார். ஒரு சுற்றுக்கு எத்தனை வீச்சு என்பது அவருக்குத் தெரியும். அந்தக் கணக்கில் சுவரைத் தொட்டு, தலையைத் தூக்கிப் பலகையைப் பார்த்தார். 1 நிமிடம் 52.03 விநாடி. தங்கப் பதக்கம், கூடவே உலக சாதனை.

அன்றைக்கு வந்த சாமர்த்தியம் இல்லை அது. அவருடைய கோச் பாப் போமன், ஃபெல்ப்ஸ் சிறுவனாக இருந்த காலத்திலேயே தினமும் தூங்கும் முன் முழு ரேஸையும் மனசுக்குள் வீடியோ போல ஓட்டிப் பார்க்கச் சொல்லியிருந்தார். எல்லாம் சரியாக நடப்பது போல மட்டும் இல்லை, ஏதாவது தப்பாக நடப்பது போலவும். ஆஸ்திரேலியாவில் ஒரு போட்டியின்போது வேண்டுமென்றே ஃபெல்ப்ஸின் கண்ணாடியை மிதித்துவிட்டு அதோடு நீந்த விட்டதாகவும் போமன் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

பிள்ளையின் கண்ணாடியை யாரும் மிதிக்க வேண்டாம். கோச்சின் மேற்பார்வையில், பயிற்சியின்போது எப்போதாவது ஒரு சுற்றைக் கண்ணாடி இல்லாமல் நீந்திப் பார்த்தாலே போதும். 25 மீட்டருக்குத் தனக்கு எத்தனை வீச்சு ஆகிறது என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும். பேக்ஸ்ட்ரோக் நீந்துகிறவர்களுக்கு இது கட்டாயம். சுவருக்கு 5 மீட்டர் முன்னால் குளத்துக்கு மேலே கொடித்தோரணம் கட்டியிருப்பார்கள். கொடி தெரிந்ததில் இருந்து சுவருக்கு எத்தனை வீச்சு என்ற எண்ணிக்கை கையில் இருந்தால் தலை சுவரில் மோதாது. போட்டி நடக்கும் குளம் புதிது என்றால், வார்ம்-அப்பில் முதல் வேலை அந்த எண்ணிக்கையைச் சரிபார்ப்பதுதான்.

"இப்படி ஆனால், அப்படிச் செய்வேன்"

உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸர் பல ஆண்டுகளாக ஆராய்ந்த ஒரு விஷயம் இங்கே பொருந்தும். "நன்றாகச் செய்வேன்" என்று பொதுவாக நினைப்பதைவிட, "இந்தச் சூழ்நிலை வந்தால் இதைச் செய்வேன்" என்று குறிப்பாக முடிவு செய்து வைத்தவர்கள் அதைச் செய்து முடிக்கும் வாய்ப்பு அதிகம். நெருக்கடி நேரத்தில் யோசிக்கும் வேலை குறைகிறது என்பதுதான் காரணம்.

போட்டிக்கு ஒரு வாரம் முன்னால் பிள்ளையே தன் கையால் ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். உதாரணமாக:

- கண்ணாடி கழன்றால்: நிற்க மாட்டேன். கீழே உள்ள கறுப்புக் கோட்டையும் வீச்சு எண்ணிக்கையையும் வைத்து நீந்துவேன்.
- ஸ்டார்ட் தாமதமானால்: முதல் மூன்று வீச்சில் பதறி அடிக்க மாட்டேன். என் வழக்கமான கிக்கை முடித்துவிட்டுத்தான் மேலே வருவேன்.
- பக்கத்து லேன் முன்னால் போனால்: தலையைத் திருப்பிப் பார்க்க மாட்டேன். அடுத்த டர்னை மட்டும் நினைப்பேன்.
- டர்ன் சொதப்பினால்: அது முடிந்துபோச்சு. சுவரில் இருந்து தள்ளும் உதையைப் பலமாகப் போடுவேன்.
- கேப் கிழிந்தால்: பையில் இன்னொன்று இருக்கு.

பட்டியல் நீளமாக வேண்டாம். நான்கைந்து போதும். முக்கியமான விஷயம், இதை அப்பாவோ அம்மாவோ எழுதித் தரக் கூடாது.

எதை இலக்காக வைப்பது?

"மெடல் வாங்கணும்" என்பது இலக்கு மாதிரி தோன்றும். ஆனால் பக்கத்து லேனில் யார் நிற்கிறார், அவர் எவ்வளவு வேகம் என்பது பிள்ளையின் கையில் இல்லை. "டர்ன் முடிந்து முதல் இரண்டு வீச்சுக்கு மூச்சு எடுக்க மாட்டேன்", "கடைசி 10 மீட்டரில் கிக்கை விட மாட்டேன்" என்பவை முழுக்கப் பிள்ளையின் கையில் உள்ளவை. ரேஸுக்கு ஒன்றோ இரண்டோ இப்படிப்பட்ட இலக்குகள் இருந்தால், நான்காவதாக வந்தாலும் பிள்ளைக்குத் தான் எதைச் சாதித்தோம் என்று தெரியும்.

சின்ன விஷயங்களின் மதிப்புக்கும் பெய்ஜிங்கிலேயே உதாரணம் உண்டு. 100 மீட்டர் பட்டர்ஃபிளை இறுதியில் ஃபெல்ப்ஸ் 50.58 விநாடி, செர்பியாவின் மிலோராட் சாவிச் 50.59. சாவிச் கையை நீட்டிச் சறுக்கி வந்தார். ஃபெல்ப்ஸ் கூடுதலாக ஒரு அரை வீச்சு போட்டுச் சுவரை அறைந்தார். 0.01 விநாடியில் தங்கம் கை மாறியது. சுவரைத் தொடும் விதம் தினமும் பயிற்சியில் திருத்திக்கொள்ளக்கூடியது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 12, 13 வயதில் ஒரே வயதுப் பிரிவில் நிற்கும் இரண்டு பேரில் ஒருவர் வயதுக்கு வந்து உயரமாக, தோள் அகன்று இருப்பார். இன்னொருவர் குழந்தை உடம்போடு இருப்பார். அந்த வயதுத் தோல்விக்குப் பல நேரம் காரணம் திறமைக் குறைவு இல்லை, காலண்டர்தான். "அவன் உன் வயசுதானே" என்ற ஒப்பீடு இந்த இடத்தில்தான் அநியாயமாகிறது. பிள்ளையின் நேரத்தை அதே பிள்ளையின் போன வருஷ நேரத்தோடு ஒப்பிடுவதே நியாயம்.

எந்தத் தவறுக்கு எல்லாம் தகுதி நீக்கம்?

புதிதாகப் போட்டிக்கு வரும் பிள்ளைகள் அழுதுகொண்டே வெளியே வருவது பெரும்பாலும் தோற்றதற்காக இல்லை. "டிஸ்குவாலிஃபை" என்று அறிவித்ததற்காக. விதிகளை முன்பே தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும்.

- தொடர்ச்சியான சிறு விசில்கள்: மேலாடையைக் கழற்றித் தயாராகலாம். நீண்ட விசில்: பிளாக் மேல் ஏற வேண்டும் (பேக்ஸ்ட்ரோக் என்றால் தண்ணீருக்குள் இறங்க வேண்டும்). "டேக் யுவர் மார்க்ஸ்" என்றதும் குனிந்து அசையாமல் இருக்க வேண்டும். சிக்னலுக்கு முன் புறப்பட்டால் ரேஸ் போச்சு.
- பிரெஸ்ட்ஸ்ட்ரோக், பட்டர்ஃபிளை இரண்டிலும் டர்னிலும் முடிவிலும் இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும். களைப்பில் ஒரு கை முந்திவிடும். சின்னப் பிள்ளைகள் அடிக்கடி மாட்டுவது இதில்தான்.
- ஃப்ரீஸ்டைல், பேக்ஸ்ட்ரோக், பட்டர்ஃபிளையில் ஸ்டார்ட்டுக்கும் டர்னுக்கும் பிறகு 15 மீட்டருக்குள் தலை தண்ணீருக்கு மேலே வந்துவிட வேண்டும்.
- தனிநபர் மெட்லியின் வரிசை: பட்டர்ஃபிளை, பேக்ஸ்ட்ரோக், பிரெஸ்ட்ஸ்ட்ரோக், ஃப்ரீஸ்டைல். மெட்லி ரிலேயில் முதலில் பேக்ஸ்ட்ரோக், பிறகு பிரெஸ்ட்ஸ்ட்ரோக், பட்டர்ஃபிளை, ஃப்ரீஸ்டைல்.

தகுதி நீக்கம் ஆனால் எந்த விதிக்காக என்று கோச் மூலம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நடுவரிடம் பெற்றோர் நேரடியாகப் போய்ச் சண்டை போடுவதால் முடிவு மாறாது. பிள்ளைதான் தலையைக் குனிந்துகொண்டு நிற்கும்.

முந்தைய நாள்: பை, சாப்பாடு, தூக்கம்

பையைப் பிள்ளையே அடுக்கட்டும். இரண்டு கண்ணாடி, இரண்டு கேப், இரண்டு நீச்சல் உடை, இரண்டு டவல், ஒரு ஜாக்கெட் அல்லது முழுக்கை டி-ஷர்ட், செருப்பு, தண்ணீர் பாட்டில், வயதுச் சான்று மற்றும் அடையாள அட்டை. அம்மா அடுக்கிய பையில் கேப் எங்கே என்று தேடுவதே கடைசி நேரப் பதற்றத்துக்குப் பாதிக் காரணம்.

புதுசு எதுவும் போட்டி அன்று வேண்டாம். புதுக் கண்ணாடி, புது உடை, புதுச் சாப்பாடு எல்லாமே முதலில் பயிற்சியில் சோதிக்கப்பட வேண்டும். விலை கூடிய ரேஸிங் உடை ஆரம்பநிலைப் பிள்ளைக்குத் தேவையே இல்லை.

சாப்பாட்டுக்கு நம் வீட்டுச் சமையலே போதும். ரேஸுக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் இட்லி, இடியாப்பம், கஞ்சி போல எளிதில் செரிக்கும் மாவுச்சத்து. ஒரு மணி நேரம் முன்னால் பசித்தால் ஒரு வாழைப்பழம். பூரி, வடை, பரோட்டா, பால் நிறைய சேர்ந்த பானங்கள் எல்லாம் சாயங்காலத்துக்கு. காலையில் ஹீட்ஸ், மாலையில் ஃபைனல் என்றால் இடையில் தயிர் சாதமோ சாம்பார் சாதமோ அளவாகச் சாப்பிட்டுவிட்டு ஓய்வு. தண்ணீருக்குள் இருந்தாலும் உடம்பு வியர்க்கும். தாகம் தெரியாமல் போகலாம். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

யாரோ சொன்னார்கள் என்று பவுடர், மாத்திரை எதுவும் கொடுக்கக் கூடாது. ஊக்கமருந்துச் சோதனைக்கு 18 வயதுக்கு உட்பட்டவர்களும் உட்பட்டவர்களே. சளிக்கு டாக்டர் எழுதித் தரும் மருந்து என்றாலும், பிள்ளை போட்டிகளில் கலந்துகொள்கிறது என்பதை அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

தூக்கம்: 6 முதல் 12 வயது வரை ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரம், 13 முதல் 18 வரை 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும் என்பது அமெரிக்க தூக்க மருத்துவ அகாடமியின் பரிந்துரை. 4:30-க்கு எழும் 13 வயதுப் பிள்ளைக்கு 8 மணி நேரம் கிடைக்க வேண்டுமானால் 8:30-க்குப் படுக்க வேண்டும். டியூஷன் முடிந்து 9:30-க்கு வீட்டுக்கு வரும் பிள்ளைக்கு இது நடக்காது. டியூஷனைக் குறைப்பதா, வாரத்தில் சில காலைப் பயிற்சிகளை விடுவதா என்று வீட்டில் உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும். போட்டிக்கு முந்தைய இரவு தூக்கம் வராமல் புரண்டால் கவலை வேண்டாம். அந்த ஒரு இரவைவிட அதற்கு முந்தைய வாரத் தூக்கம்தான் முக்கியம்.

மாதவிடாயை மறைக்க வேண்டியதில்லை

இளம் பெண்கள் நீச்சலை விட்டுப் போகும் வயதும் பூப்படையும் வயதும் பல வீடுகளில் ஒன்றாகவே வருகின்றன. மாதவிடாய் நாட்களில் நீந்தக் கூடாது என்று மருத்துவத்தில் தடை எதுவும் இல்லை. டாம்பூன், மென்ஸ்ட்ருவல் கப், நீச்சலுக்கான பீரியட் உடை என்று வழிகள் உண்டு. சானிட்டரி பேட் தண்ணீரை உறிஞ்சிவிடும் என்பதால் குளத்துக்கு உதவாது. எதை, எப்படிப் பயன்படுத்துவது என்பதைப் போட்டி நாளில் முதல் முறையாக முயலாமல், அம்மாவோ அக்காவோ டாக்டரோ முன்பே சொல்லித் தர வேண்டும். கோச் ஆணாக இருந்தாலும் "சார், இன்னைக்கு பீரியட்ஸ்" என்று ஒரு பிள்ளை தயங்காமல் சொல்லும் சூழல் இருக்க வேண்டும்.

"வெயிட் போட்டுட்ட" என்ற ஒரு வார்த்தை செய்யும் சேதமும் பெரிது. வளரும் பிள்ளை செலவழிக்கும் ஆற்றலுக்கு ஏற்பச் சாப்பிடாவிட்டால் மாதவிடாய் நின்றுபோகலாம், எலும்பு பலவீனமாகலாம், நேரமும் மோசமாகும். ஆண் பிள்ளைகளுக்கும் இது வரும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-லேயே இதைத் தனிப் பிரச்சினையாக அடையாளம் காட்டி எச்சரித்தது. மாதவிடாய் மூன்று மாதம் வராவிட்டால் "ட்ரெயினிங்னால அப்படித்தான்" என்று விடாமல் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

போட்டி அன்று காலை

வார்ம்-அப் முடிந்து ரேஸ் வர ஒரு மணி நேரம் ஆகலாம். அதற்குள் ஈர உடம்பு குளிர்ந்து தசை இறுகிவிடும். உடனே துடைத்து, உலர்ந்த உடை போட்டு, ரேஸுக்கு 10, 15 நிமிடம் முன்பு தோளையும் இடுப்பையும் மீண்டும் சுழற்றி உடம்பைச் சூடேற்ற வேண்டும்.

கால் ரூமில் உட்கார்ந்திருக்கும் நேரம்தான் மிகக் கடினம். பக்கத்தில் இருப்பவர் உயரமாகத் தெரிவார், அவருடைய உடை விலை கூடியதாகத் தெரியும். இங்கேதான் ஒரு வழக்கம் கைகொடுக்கும். கண்ணாடியை ஒருமுறை சரிசெய்வது, மூன்று முறை மெதுவாக மூச்சு, கையை இரண்டு முறை வீசுவது, நோட்டில் எழுதிய ஒரு வரியை மனசுக்குள் சொல்வது. எதுவாக இருந்தாலும் எல்லாப் போட்டியிலும், பயிற்சியில் நேரம் எடுக்கும் நாட்களிலும் அதே வரிசையில் செய்ய வேண்டும். பழகிய வேலை கையில் இருக்கும்போது மனசுக்கு அலைய நேரம் கிடைப்பதில்லை.

ரேஸ் முடிந்ததும் அப்படியே உட்கார்ந்துவிடாமல் சில நிமிடம் மெதுவாக நீந்தியோ நடந்தோ உடம்பைத் தணிக்க வேண்டும். அடுத்த ரேஸ் இருக்கிறது என்றால், முடிந்த ரேஸைப் பற்றி இரண்டு நிமிடம் கோச்சிடம் பேசிவிட்டு அதை மூடிவிடலாம்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில்

பல பிள்ளைகளுக்கு ரேஸைவிடப் பயமான நேரம் ஒன்று உண்டு. பைக்கிலோ காரிலோ வீட்டுக்குத் திரும்பும் அந்த அரை மணி நேரம். "லாஸ்ட் டைம் 34-ல முடிச்சியே, இன்னைக்கு என்ன ஆச்சு?" "அந்தப் பையன் உனக்கு அப்புறம்தானே சேர்ந்தான்?" "பெட்ரோல், ஃபீஸ் எல்லாம் யாருக்காக?"

கேட்பவருக்கு அது அக்கறை. பிள்ளைக்குக் கேட்பது வேறு: நான் வேகமாக நீந்தினால்தான் இவர்களுக்கு என்னைப் பிடிக்கும். அடுத்த முறை பிளாக் மேல் ஏறும்போது அந்தப் பிள்ளை தண்ணீரைப் பார்க்காது, கேலரியைத்தான் பார்க்கும்.

டெக்னிக் பேசுவதைக் கோச்சிடம் விட்டுவிடலாம். வழியில் முதலில் கேட்க வேண்டியது, "பசிக்குதா கண்ணா?" என்பதுதான். ரேஸைப் பற்றி எப்போது பேசுவது என்று பிள்ளை முடிவு செய்யட்டும். அழுதால் அழவிடலாம். செலவழித்த பணத்தை அந்த நேரத்தில் நினைவுபடுத்தவே வேண்டாம்.

சாதாரணப் பதற்றத்தைத் தாண்டினால்?

ரேஸ் முடிந்ததும் போய்விடும் பதற்றம் இயல்பானது. வாரக்கணக்கில் தூக்கமின்மை, முன்பு பிடித்த நண்பர்கள் மேல்கூட ஆர்வம் இல்லாமை, காரணமில்லாத வயிற்றுவலி, "என்னால முடியல" என்ற பேச்சு எல்லாம் தொடர்ந்தால் அது வேறு விஷயம்.

28 ஒலிம்பிக் பதக்கம் வென்ற ஃபெல்ப்ஸ், தான் மனச்சோர்வோடு போராடியதையும் வாழவே வேண்டாம் என்று நினைத்த நாட்கள் இருந்ததையும் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். தோர்ப்பும் 2012-ல் வெளிவந்த தன் சுயசரிதையில் மனச்சோர்வைப் பற்றி எழுதினார். ரியோவில் தங்கம் வென்ற அமெரிக்காவின் சிமோன் மேனுவல், 2021 அணித் தேர்வில் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் இறுதிக்கே வராதபோது, அளவுக்கு மீறிய பயிற்சியால் உடல் சோர்ந்துபோனதை, மனச்சோர்வு, தூக்கமின்மையோடு சேர்த்து வெளியே சொன்னார். ஓய்வு எடுத்துத் திரும்பியவர், 2024 பாரிஸ் ஒலிம்பிக் அணியில் இடம்பிடித்தார்.

பிள்ளையிடம் இந்த மாற்றங்கள் தெரிந்தால் மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பார்க்கலாம். மத்திய அரசின் டெலி-மானஸ் இலவச உதவி எண் 14416-ல் 24 மணி நேரமும் தமிழிலும் பேசலாம். கொஞ்ச நாள் நீச்சலை நிறுத்திவைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னால் நிறுத்திவைக்கலாம். குளம் எங்கேயும் போய்விடாது.

23-வது இடத்துக்குப் பிறகு

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் இந்தியாவுக்காக நீந்தியவர் பெங்களூருவின் தினிதி தேசிங்கு. வயது 14. இந்திய அணியிலேயே இளையவர். ஹீட்ஸ் முடிவில் மொத்தத்தில் 23-வது இடம். அரையிறுதிக்கு முதல் 16 பேர்தான். உலகமே பார்க்கும் குளத்தில், இரண்டு நிமிடச் சொச்சத்தில் அவருடைய ஒலிம்பிக் முடிந்துபோனது.

அடுத்த ஆண்டு உத்தராகண்டில் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டியில் அதே பெண் 9 தங்கப் பதக்கங்கள் வென்றார். பாரிஸில் வந்த 23-ஐ யாரும் அழித்துவிடவில்லை. அது இன்னமும் பதிவில் இருக்கிறது, அதற்குக் கீழே மற்ற எண்களும் சேர்ந்துகொண்டே வருகின்றன.

நாளைக் காலை முதல் போட்டிக்குப் போகும் பிள்ளைக்கும் அப்படி ஒரு நோட்டு இருக்கும். முதல் பக்கத்தில் ஒரு நேரம் எழுதப்படும். நல்ல நேரமோ மோசமான நேரமோ, தேதி போட்டு எழுதிவிட்டு, டவலைக் காயப்போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம்.